இருநூறு ரூபாயில் முடிகிற குற்றம்

அமெரிக்க சிகரெட் நிறுவனங்கள் மீது தொடரப்பட்ட வழக்குகளால் அவற்றின் உள் ஆவணங்கள் லட்சக்கணக்கில் பொதுவெளிக்கு வந்தன. அவற்றில் ஒன்று, பிலிப் மோரிஸ் நிறுவனத்துக்குள் 1986 ஜனவரியில் எழுதப்பட்ட குறிப்பு. சிகரெட் வாங்கும் வயதை 21ஆக உயர்த்திவிட்டால் தங்களுடைய முக்கியமான இளைஞர் சந்தை நாசமாகிவிடும் என்று அதில் கவலைப்பட்டிருக்கிறார்கள். எந்த இளைஞர்கள்? 17 முதல் 20 வயது வரையிலானவர்கள். அந்த வயதினரிடம் மட்டும் சுமார் 2,500 கோடி சிகரெட் விற்கிறோம், அந்தச் சந்தையில் 70% நம் கையில் இருக்கிறது என்று கணக்கும் போட்டிருக்கிறார்கள்.

வயது வரம்பெல்லாம் கண்துடைப்பு, பிடிக்க நினைக்கிறவன் எப்படியும் பிடிப்பான் என்று நம்மில் பலர் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். சிகரெட் விற்றுக் கொழுத்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. அமெரிக்காவில் நாள்தோறும் புகைப்பவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் 18 வயதுக்குள் முதல் சிகரெட்டைத் தொட்டவர்கள். இருபதுகளின் நடுவைப் புகைக்காமலே தாண்டிவிட்ட ஒருவர் அதன் பிறகு இந்தப் பழக்கத்துக்கு ஆளாவது அரிது. நிதானித்து முடிவெடுக்க உதவுகிற மூளையின் முன்பகுதி முதிர்ச்சியடைய 25 வயதுவரை ஆகிறது. அதற்கு முன்பே நிகோட்டின் அங்கே குடியேறிவிட்டால் வெளியேற்றுவது பெரும்பாடு. இந்தத் தொழிலுக்குப் புது வாடிக்கையாளர் பதின்ம வயதில் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. 40 ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் புரிந்துவைத்திருந்த இந்த உண்மையை நம் அரசுகள் இன்னும் முழுதாகப் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை.

ஏட்டளவில் இந்தியாவில் குறையொன்றும் இல்லை. 2003ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 6ஆவது பிரிவு, 18 வயது நிரம்பாதவர்களுக்கு விற்பதைத் தடுக்கிறது. கல்வி நிறுவனங்களைச் சுற்றி 100 கஜத்துக்குள் யாருக்குமே விற்கக் கூடாது என்கிறது. 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் கொண்ட எச்சரிக்கைப் பலகையைக் கடையில் மாட்ட வேண்டும் என்று 2004இல் விதி வந்தது. வாங்கியவர் சிறுவர் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பையும் அந்த விதி விற்றவர் தலையிலேயே வைத்தது. சிறுவர் கைக்கு எட்டும்படி புகையிலைப் பொருள்களை அடுக்கிவைக்கக் கூடாது, 18 வயதுக்குக் குறைந்தவர் அவற்றை விற்கவும் கூடாது என்று 2011இல் மேலும் சேர்த்தார்கள்.

இனி, ஏதாவது ஒரு பெட்டிக்கடை முன்னால் பத்து நிமிடம் நின்று பார்க்கலாம். பலகை இருந்தால், தொங்கும் ஷாம்பூ சரங்களுக்குப் பின்னால் இருக்கும். கடலைமிட்டாய் ஜாடிக்குப் பக்கத்தில் மூடி கிழிந்த சிகரெட் பெட்டிகள். கம்பியில் கட்டிய கயிற்றில் லைட்டர். சீருடைக்கு மேல் டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்ட ஒரு பையன் சில்லறையை நீட்டுவான். பேச்சு எதுவும் இருக்காது. கடைக்காரரின் கை தானாகப் போய் ஒன்றை உருவிக் கொடுக்கும். அவன் நகர்ந்ததும் எட்டு வயதுக் குழந்தை ஒன்று வந்து, “மாமா, அப்பா ஒண்ணு வாங்கிட்டு வரச் சொன்னாரு” என்று நிற்கும். அப்பாவின் பிராண்டு எது என்பது கடைக்காரருக்குத் தெரியும். மதியம் அவர் சாப்பிடப் போய்விட்டால் கல்லாவில் உட்காருவது ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற அவருடைய மகன். மூன்றுமே சட்டமீறல். இதை யாரும் ஒளிந்து செய்வதும் இல்லை.

2019இல் நடந்த உலகளாவிய இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 13 முதல் 15 வயது வரையுள்ள பள்ளி மாணவர்களில் 8.5% பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒருவர். ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் நான்கு பேர். சட்டப்படி இவர்களில் ஒருவருக்குக்கூட எந்தக் கடையும் விற்றிருக்கக் கூடாது.

ஏன் இப்படி? தண்டனையைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். 6ஆவது பிரிவை மீறினால் அதிகபட்ச அபராதம் 200 ரூபாய். 2003இல் எழுதிய தொகை. ஒரு பாக்கெட் சிகரெட்டின் விலையே இன்று ஏறக்குறைய அதைத் தொட்டு நிற்கிறது. இன்னொரு பக்கம், 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவு, குழந்தைக்குப் புகையிலைப் பொருளைக் கொடுப்பவருக்கு ஏழு ஆண்டுவரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கிறது. ஒரே செயலுக்கு ஒரு சட்டத்தில் 200 ரூபாய், இன்னொரு சட்டத்தில் ஏழு ஆண்டு. முதலாவது எறும்புக்கடி அளவுக்குக்கூட உறைக்காது. இரண்டாவதை, ஒரு சிகரெட் விற்ற பெட்டிக்கடைக்காரர் மீது போட எந்தக் காவல் ஆய்வாளருக்கும் மனம் வராது. வரவும் கூடாது என்றே நினைக்கிறேன். வலிக்கவும் வேண்டும், வாழ்க்கையை அழித்துவிடவும் கூடாது என்கிற இடைப்பட்ட தண்டனை நம் சட்டத்தில் இல்லாமல் போய்விட்டது.

அந்த இடைப்பட்ட தண்டனை எது என்பதைத் தேடினால் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள உட்ரிட்ஜ் என்ற சிற்றூரில் போய் நிற்போம். 1980களின் கடைசியில் அங்கே பத்துக் கடைகளில் ஏழு, கேள்வி கேட்காமல் சிறுவர்களுக்கு சிகரெட் விற்றன. கடைகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது, பலன் இல்லை. 1989இல் ஊராட்சி ஒரு விதி கொண்டுவந்தது. சிகரெட் விற்க உரிமம் வேண்டும், போலீஸ் அவ்வப்போது ஒரு சிறுவனை அனுப்பி வாங்கச் சொல்லிச் சோதிக்கும், விற்ற கடைக்கு அபராதமும் உரிம நிறுத்தமும் உண்டு. ஒன்றரை ஆண்டில், சிறுவர்களுக்கு விற்கிற கடைகளின் விகிதம் 70 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியது. உள்ளூர் பள்ளியில் புகைத்துப் பார்க்கும் மாணவர் எண்ணிக்கை பாதிக்கும் மேல் குறைந்ததாக 1991இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஆய்வு வெளியானது. யாரும் சிறைக்குப் போகவில்லை. சில நாள்கள் சிகரெட் விற்க முடியாது என்ற நிலை ஒன்றே போதுமானதாக இருந்தது.

இந்த வெற்றியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவது நேர்மையாகாது. 1990களில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆறு ஊர்களை எடுத்துக்கொண்டு, மூன்றில் சட்டத்தைக் கறாராக நடைமுறைப்படுத்தினார்கள், மூன்றைப் பழையபடி விட்டார்கள். கறாராக இருந்த ஊர்களில் 82% கடைகள் சிறுவர்களுக்கு விற்க மறுத்தன, மற்ற ஊர்களில் 45% மட்டுமே மறுத்தன. இவ்வளவு வேறுபாடு இருந்தும் பிள்ளைகள் புகைப்பது இரண்டிலும் ஒன்றுபோலவே இருந்தது. 1997இல் இதை வெளியிட்டவர்களின் முடிவு பலருக்கு ஏமாற்றமாக இருந்தது. எனக்கு இதுதான் இந்த விவகாரத்திலேயே முக்கியமான பாடமாகப் படுகிறது. நூறு கடையில் 82 மறுத்தால் என்ன, மீதி 18 எங்கே இருக்கிறது என்பது பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். ஏறக்குறைய எல்லாக் கடையும் மறுத்தால் ஒழிய வயது வரம்பு வேலை செய்யாது. தெருவுக்கு மூன்று பெட்டிக்கடை இருக்கிற நம் ஊர்களில், எத்தனை கடை புகையிலை விற்கிறது என்ற பட்டியல்கூட இல்லாமல் இதை எப்படிச் சாதிக்க முடியும்?

கடைகள் மறுத்தாலும் இன்னொரு வழி திறந்தே கிடக்கிறது. 18 வயதான பிளஸ் டூ மாணவன் வாங்கி, 15 வயது மாணவனுக்குக் கொடுப்பான். இருவரும் ஒரே மைதானத்தில் விளையாடுகிறவர்கள். வயதை 21ஆக்குவதன் அருமை இங்கேதான் தெரியும். 21 வயதானவர்கள் பள்ளி வளாகத்தில் இருப்பதில்லை. பாஸ்டன் அருகே உள்ள நீடம் என்ற ஊர் 2005இல் தன்னிச்சையாக இதைச் செய்தது. 2006இல் அந்த ஊர் மேல்நிலைப் பள்ளி மாணவர்களில் 12.9% பேர் புகைத்தார்கள், 2010இல் 6.7% பேர். சுற்றியுள்ள ஊர்களில் அதே காலத்தில் 14.8 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காட்டுக்குத்தான் குறைந்தது. நீடம் பையன்கள் பக்கத்து ஊருக்குப் பேருந்து ஏறிப் போய் வாங்கியிருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. பெரும்பாலானவர்கள் போகவில்லை என்பதைத்தான் எண்கள் காட்டுகின்றன. பதின்ம வயதில் சிகரெட்டுக்கு இருக்கிற ஈர்ப்பு, கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருந்தாலே தளர்ந்துவிடுகிறது. 2015இல் அமெரிக்க மருத்துவக் கழகம் தந்த அறிக்கையும், வயதை 21ஆக்கினால் அதிகப் பயன் பெறுபவர்கள் 15 முதல் 17 வயதுப் பிள்ளைகளே என்றது. 2019 டிசம்பரில் நாடு முழுவதற்கும் அது சட்டமானது.

இலங்கை இதில் நமக்கும் அமெரிக்காவுக்கும் முன்னோடி. 2006இலேயே அங்கே 21 வயது சட்டமாகிவிட்டது. சிங்கப்பூர் 2019இல் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வயதாக உயர்த்தி, 2021இல் 21க்கு வந்தது. சிறுவருக்கு விற்ற கடைக்கு 5,000 சிங்கப்பூர் டாலர்வரை அபராதம், கூடவே உரிமம் நிறுத்திவைப்பு. அபராதத்தை வியாபாரச் செலவாக எழுதிவிடலாம், உரிமம் போனால் எதுவும் செய்ய முடியாது என்பது அங்குள்ள கடைக்காரர்களுக்குத் தெரியும். ஹங்கேரி 2013இல் இன்னும் துணிந்து, மளிகைக் கடைகளிலிருந்து சிகரெட்டை அகற்றி, அரசு அனுமதி பெற்ற தனிக் கடைகளில் மட்டும் விற்கச் சொன்னது. பழுப்பு நிறப் பெயர்ப்பலகையில் பெரிதாக 18 என்று எழுதியிருக்கும். உள்ளே இருப்பது வெளியே தெரியக் கூடாது என்று அப்போது விதித்தார்கள். பிஸ்கட் வாங்கப் போன குழந்தையின் கண்ணில் சிகரெட் படுவதே இல்லை.

ஜப்பானின் அனுபவத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 20 வயதுக்குக் குறைந்தவர்கள் புகைக்கக் கூடாது என்ற சட்டத்தை, நாடாளுமன்ற உறுப்பினர் நெமோட்டோ ஷோவின் முயற்சியால் 1900இலேயே அந்த நாடு கொண்டுவந்துவிட்டது. பிடிபட்ட பிள்ளையிடமிருந்து சிகரெட்டைப் பறிமுதல் செய்வதோடு சரி. தண்டனை, தெரிந்தே அனுமதித்த பெற்றோருக்கும் விற்றவருக்கும்தான். அன்றைக்கே எவ்வளவு தெளிவு! ஆனால், பின்னாளில் தெருமுனைதோறும் சிகரெட் இயந்திரங்கள் வந்தன. காசு போட்டால் யாருக்கும் கொடுக்கும். நூறாண்டுச் சட்டத்தை அந்த இயந்திரங்கள் அர்த்தமற்றதாக்கின. 2008இல்தான் வயதை உறுதிசெய்யும் ‘டாஸ்போ’ அட்டை இல்லாமல் இயந்திரம் திறக்காது என்ற நிலை நாடு முழுக்க வந்தது. 2022இல் வயதுவந்தோர் என்பதற்கான வரம்பை 20இலிருந்து 18ஆகக் குறைத்தபோதும், புகைப்பதற்கான 20 வயதை அவர்கள் தொடவில்லை. ஓட்டுப் போடும் வயதில் சிகரெட் வாங்கக் கூடாதா என்று இங்கே வாதாடுபவர்களுக்கு ஜப்பான் நல்ல பதில்.

பிள்ளையைத் தண்டிக்காமல் விட்ட ஜப்பானுக்கு நேரெதிர் பூட்டான். 2004இல் புகையிலை விற்பனையையே தடைசெய்த அந்த நாடு, 2010இல் கடுமையான சட்டம் இயற்றியது. சில டாலர் மதிப்புள்ள மெல்லும் புகையிலையை வைத்திருந்ததற்காக 23 வயது புத்த பிக்கு ஒருவருக்கு 2011இல் மூன்றாண்டுச் சிறை. நாடே கொதித்தது. சட்டத்தைத் தளர்த்தினார்கள், 2021இல் விற்பனைத் தடையையே நீக்கினார்கள். பயன்படுத்துகிறவரைக் குற்றவாளியாக்கும் சட்டம் மக்கள் மனத்தில் நிற்காது.

இப்போது உலகம் பேசுவது தலைமுறைத் தடையைப் பற்றி. குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு எந்த வயதிலும் சிகரெட் விற்கக் கூடாது என்பது அதன் சாரம். நியூசிலாந்து 2022 டிசம்பரில் இதைச் சட்டமாக்கியது, 2009 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்குத் தடை. விற்கும் கடைகளை 6,000இலிருந்து 600ஆகக் குறைப்பதும் அதே சட்டத்தில் இருந்தது. அடுத்து வந்த கூட்டணி அரசு, நடைமுறைக்கு வரும் முன்பே 2024 பிப்ரவரியில் அதை ரத்து செய்தது. சிகரெட் வரி வருவாய், அறிவித்த வரிச் சலுகைகளுக்குக் கைகொடுக்கும் என்று நிதியமைச்சரே வெளிப்படையாகச் சொன்னார். மலேசியாவில் 2007 முதல் பிறந்தவர்களுக்கான தடை, சமத்துவ உரிமைக்கு முரணானது என்ற சட்டக் கருத்தால் மசோதாவிலிருந்து கழற்றப்பட்டது. பிரிட்டனில் ரிஷி சுனக் பிரதமராக இருந்தபோது தொடங்கிய இந்தத் தடை மசோதா, ஆட்சி மாறியும் கைவிடப்படாமல் 2025 மார்ச்சில் கீழவையில் நிறைவேறியது. தூத்துக்குடியிலிருந்து தோணிகள் சரக்கு ஏற்றிப்போகும் மாலத்தீவு, 2025 நவம்பர் 1 முதல் இதை நடைமுறைக்கே கொண்டுவந்துவிட்டது. 2007 ஜனவரி 1 முதல் பிறந்த யாரும், சுற்றுலாப் பயணிகள் உள்பட, அங்கே புகையிலை வாங்க முடியாது.

மாலத்தீவில் புகையிலை விளைவதில்லை. வருவதெல்லாம் துறைமுகத்தையும் விமான நிலையத்தையும் தாண்டித்தான் வர வேண்டும். நம் நிலைமை அப்படி அல்ல. தென்காசியிலும் திருநெல்வேலியிலும் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறார்கள். எட்டு வயதுக் குழந்தைக்கு விற்பதையே நிறுத்த முடியாத நாடு, ஐம்பது வயதானவரின் பிறந்த ஆண்டைக் கேட்டு விற்கும் என்று நம்புவது பகற்கனவு. தலைமுறைத் தடையை நான் எதிர்க்கவில்லை. என்றாவது அங்கே போய்ச் சேர வேண்டும். அதற்கு முன் ஏறவேண்டிய படிகளில் ஒன்றைக்கூட நாம் இன்னும் ஏறவில்லை.

முதல் படி, ஒற்றை விற்பனைக்குத் தடை. சிகரெட்டை ஒற்றையாக விற்கும்வரை மற்ற எல்லா விதிகளும் வீண். பெட்டியின் 85% பரப்பில் அச்சிட்ட புற்றுநோய்ப் படம், ஒரு சிகரெட் வாங்கும் மாணவன் கண்ணில் படுவதே இல்லை. வரியை எவ்வளவு ஏற்றினாலும் அவன் கையிலிருக்கும் பத்து, இருபது ரூபாய்க்குள் அது அடங்கிவிடுகிறது. இந்தியா 2004இல் ஏற்றுக்கொண்ட உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 16ஆவது பிரிவே, ஒற்றை விற்பனையைத் தடுக்க முயல வேண்டும் என்கிறது. மகாராஷ்டிரம் 2020இல் தடைசெய்தது. இந்தோனேசியாவும் 2024இல் 21 வயது விதியோடு சேர்த்தே இதைச் செய்தது.

பெட்டிக்கடைக்காரரின் பிழைப்பு என்னாவது? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. கணவரை இழந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், வேறு வேலைக்குப் போக இயலாத முதியவர்கள் பலருக்கு அந்த நான்கடிப் பெட்டிதான் சோறு போடுகிறது. ஒரு சிகரெட்டில் அவர்களுக்கு நிற்கும் காசு சொற்பம். லாபம் எங்கோ போகிறது, அபராதச் சீட்டு மட்டும் அவர்கள் கைக்கு வருகிறது என்பது உண்மையான அநீதி. அதனால்தான் சிறையும் வேண்டாம், பெருந்தொகை அபராதமும் வேண்டாம் என்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்றால் பதினைந்து நாள் புகையிலை விற்பனை மட்டும் நிறுத்தம். மற்ற வியாபாரம் வழக்கம்போல் நடக்கட்டும். அந்தப் பதினைந்து நாளும் அந்தக் கடைக்குச் சரக்கு அனுப்பும் விநியோகஸ்தருக்குத் தண்டனை இருக்கட்டும். வரிசையின் கடைசியில் நிற்கிறவரை மட்டும் பிடிக்காமல், மேலே இருப்பவர்களையும் இழுத்துவர இதுவே வழி.

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. தடைசெய்யப்பட்ட குட்கா, ஹான்ஸ், கூல் லிப் போன்ற புகையிலைப் பொருள்களை விற்றால் முதல் முறை 25,000 ரூபாய் அபராதமும் 15 நாள் கடைக்கு சீலும், இரண்டாம் முறை 50,000 ரூபாயும் 30 நாளும் என்று உணவுப் பாதுகாப்புத் துறை நடவடிக்கை எடுக்கிறது. கூல் லிப் பள்ளி மாணவர்களிடம் பரவுவதைக் கண்டு, நாடு முழுவதும் ஏன் தடைசெய்யக் கூடாது என்று 2024இல் உயர் நீதிமன்ற மதுரை அமர்வு கேட்டது. ஆக, கடையை மூடவைக்கும் அதிகாரமும் ஆளும் பழக்கமும் நம்மிடம் இருக்கின்றன. அதே கடை, அதே மாணவனுக்கு சிகரெட் விற்றால் மட்டும் 200 ரூபாயோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

2003 சட்டத்துக்கு மத்திய அரசு 2020 இறுதியில் வெளியிட்ட வரைவுத் திருத்தத்தில் 21 வயது, ஒற்றை விற்பனைத் தடை இரண்டும் இருந்தன. அது சட்டமாகவில்லை. கர்நாடகம் காத்திருக்கவில்லை. 2024இல் தன் சட்டமன்றத்தில் திருத்தம் நிறைவேற்றி, 2025 மே மாதம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்று, வயதை 21ஆக்கியது. ஒற்றை விற்பனையைத் தடைசெய்தது, அபராதத்தை 1,000 ரூபாயாக்கியது. ஓசூர் எல்லையைத் தாண்டினால் ஒரு சட்டம், இந்தப் பக்கம் வேறு சட்டம் என்ற நிலை இன்று இருக்கிறது. ஹூக்கா கூடங்களைத் தடுக்க இதே சட்டத்தில் 2022இல் திருத்தம் நிறைவேற்றிய தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு வழி தெரியாமல் இல்லை.

வயதை உயர்த்தும் திருத்தம் டெல்லிக்குப் போய்வர மாதங்கள் ஆகும். உரிமத்துக்கு அந்தக் காத்திருப்பும் தேவையில்லை. புகையிலை விற்கும் கடைகளுக்கு உள்ளாட்சி அமைப்புகள் வழியாகத் தனி உரிமம் கொடுங்கள், அந்தக் கடைகளில் மிட்டாய், சிப்ஸ், பிஸ்கட் விற்க அனுமதிக்காதீர்கள் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2017 செப்டம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நம் தெருக்கடைகளில் அப்படியோர் உரிமம் மாட்டியிருந்து நான் பார்த்ததில்லை. மாநகராட்சிகளில், பள்ளிகள் நெருக்கமாக இருக்கும் வார்டுகளில் இதைத் தொடங்கலாம். முதலில் கடைகளின் பட்டியல், பிறகு உரிமம், அதன் பிறகு பெற்றோரின் சம்மதத்தோடு மாணவர்களை அனுப்பிச் சோதனை. ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன் பட்டியலாவது தயாராகிவிட வேண்டும்.